நாற்காலி என்ன நிறம்?

ஆய்வாளர் ஐயா, முதல் காரியமாகப் பல்செட்டைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டேன். பொய்ப் பல்லை வாயில் வைத்துக்கொண்டு செய்கிற சத்தியம் செல்லுமா என்று எனக்கு நெடுநாளாக ஒரு சந்தேகம் உண்டு. இப்போது என் வாயில் பொய்யானது எதுவும் இல்லை. ஆகவே தைரியமாகச் சொல்கிறேன்: இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஒரு காற்புள்ளியைக்கூட நான் கூட்டிச் சேர்க்கவில்லை.

விபத்து என்று எழுதி நீங்கள் மூடிவிட்ட ஒரு விஷயத்தைத் திறந்து காட்டத்தான் இவ்வளவும். உங்கள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. எந்தத் தொழிலிலும் கடைசிப் பக்கம்வரை படிக்கிறவர்கள் குறைவு. முதலில் என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன், அது தெரிந்தால்தான் மற்றது விளங்கும்.

என் மச்சினன் கணினி விளையாட்டுகளை வெளியிடுகிறவன். செய்கிறவன் அல்ல. யாரோ எங்கேயோ கண் பூத்துப்போய்ச் செய்ததை வாங்கி, பெட்டியில் போட்டு, பெட்டிமேல் வாள் பிடித்த ஒருவனின் படத்தை ஒட்டிக் கடைகளுக்கு அனுப்புவான். படகு ஓட்டுகிற ஆட்டமாக இருந்தாலும் அட்டையில் வாள் இருக்கும். ஆண்டுதோறும் பளபளப்பான தாளில் ஒரு பட்டியல் புத்தகம் போடுவான். பக்கத்துக்கு ஓர் ஆட்டம். அந்தப் பக்கங்களை எழுதுவது நான். பெட்டியின் பின்னட்டையில் வரும் வாசகமும் நான்தான். ‘உங்கள் விதி உங்கள் விரல் நுனியில்’ என்ற வரியை எங்கேயாவது பார்த்திருப்பீர்கள். அதை எத்தனை பெட்டியில் போட்டேன் என்று எனக்கே நினைவில்லை. யாரும் வந்து கேட்டதும் இல்லை.

நான் ஓர் ஆட்டத்தைக்கூட ஆடியதில்லை. சமையல்காரன் ஊரார் சாப்பாட்டையெல்லாம் உட்கார்ந்து சாப்பிட்டால் கடை நடக்காது.

விமர்சகர்கள் மட்டும் ஆடினார்களா என்பீர்கள். செய்தித்தாளில் எழுதுகிற ஒருவர் இருந்தார். அலுவலகத்தில் அவருக்கு ஆறரை என்று பெயர். எந்த ஆட்டமாக இருந்தாலும் பத்துக்கு ஆறரைதான் போடுவார். ஆறு போட்டால் கம்பெனிக்குக் கோபம் வரும், ஏழு போட்டால் வாசகனுக்குச் சந்தேகம் வரும். தவறிப்போய் ஒரே ஒரு தடவை, எங்கள் ‘தங்கக் கோட்டை’யைப் பற்றி, ‘இதைவிட மோசமான ஆட்டத்தை நான் பார்த்ததே இல்லை’ என்று எழுதிவிட்டார். அப்போதும் மதிப்பெண் ஆறரைதான். நாங்கள் அந்த வரியை எடுத்து, ‘மோசமான’ இருந்த இடத்தில் மூன்று புள்ளி வைத்து, அடுத்த பதிப்பின் பெட்டியில் போட்டோம். அவர் நன்றி சொல்லிக் கடிதம் எழுதினார். அவர் பெயர் ஒரு பெட்டியில் வருவது அதுதான் முதல் தடவையாம்.

இன்னொருவர் பேராசிரியர். எங்கும் பாடம் நடத்தியவர் அல்ல. பேசுகிற தோரணைக்காக வைத்த பெயர். மாத இதழில் எழுதுவார். ஆட்டத்தின் பெயரை எடுத்துக்கொண்டு, அந்தச் சொல்லைப் பிழிந்து, நாலு பக்கத்துக்குச் சாறு எடுப்பார். ஆட்டத்துக்குள் போனார் என்பதற்கு ஒரு தடயமும் இருக்காது. உங்கள் துறையில் அவரைச் சேர்த்துக்கொண்டால் கைரேகையே இல்லாமல் வேலை செய்வார்.

இப்படிப்பட்டவர்களோடு காலம் தள்ளியதில் எனக்கு ஒரு கருத்து உறுதிப்பட்டுவிட்டது. எவனும் எதையும் கடைசிவரை பார்ப்பதில்லை. முன்னால் ஒருவன் சொன்னதைப் பின்னால் ஒருவன் சொல்கிறான். அதற்குப் பின்னால் வருகிறவன் அதையே கொஞ்சம் சத்தமாகச் சொல்கிறான். அவ்வளவுதான் உலகம். இந்தக் கருத்து எனக்கு மிகவும் சௌகரியமாக இருந்தது. காலுக்குப் பழகிய செருப்பு மாதிரி.

இனி என் வீட்டுக்காரி. மச்சினனுக்கு அக்கா, எனக்கு அந்த வேலை வாங்கிக் கொடுத்ததும் அவள்தான். குண்டாக இருப்பாள். இல்லை, பூசினாற்போல இருப்பாள் என்று எழுதுவதுதான் சரி. வீட்டுக்கு வருகிற மாதிரிப் பிரதிகளை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போய்விடுவாள். தையல் மெஷினைச் சுவரோரம் தள்ளிவிட்டு அங்கே ஒரு திரை வைத்திருந்தாள். எடுத்த ஆட்டத்தை முடிக்காமல் எழுந்திருக்க மாட்டாள். கடைசிக் கட்டத்து அரக்கனை வெட்டும்போதுகூட “மன்னிச்சுக்கப்பா, வேற வழி தெரியல” என்று சொல்லிவிட்டுத்தான் வெட்டுவாள். நான் இதை ஒரு பொழுதுபோக்கு என்று நினைத்திருந்தேன்.

அவளால் எனக்கு இன்னோர் உபயோகமும் இருந்தது. பல்செட்டைக் கழற்றினால்தான் எனக்கு யோசனை ஓடும். கழற்றிய பிறகு வருகிற கொழகொழப் பேச்சு மனிதர்களுக்குப் புரியாது. அதைப் புரிந்துகொண்டு, நான் சொல்லச் சொல்லப் பிழையில்லாமல் தட்டச்சு செய்யக்கூடிய ஆள் உலகத்தில் ஒருத்திதான். பட்டியல் முழுவதும் அவள் விரல் வழியாகத்தான் போகும்.

போன ஆண்டு, பட்டியல் அச்சுக்குப் போகிற அன்று மச்சினன் கூப்பிட்டான்.

“அத்தான், ஒரு பக்கம் வெள்ளையா நிக்குது. அந்தப் படகு ஆட்டக்காரங்களுக்குள்ள சண்டையாம், தர மாட்டேங்கறாங்க. அச்சகத்துக்காரர் மெஷினை ஓட விட்டுட்டு என் மூஞ்சியைப் பாத்துட்டு நிக்கறாரு. ஏதாவது போடுங்க.”

“எதைப் போட?”

“என்னத்தையாவது. எவன் படிக்கப்போறான்?”

என் கருத்து அவனுக்கும் தொற்றியிருந்ததில் எனக்குச் சற்றுப் பெருமைதான். அன்று காலை பல் மருத்துவரின் காத்திருப்பு அறையில் உட்கார்ந்துவிட்டு வந்திருந்தேன். அதையே சொன்னேன். வீட்டுக்காரி அடித்தாள்.

‘அடுத்தவர். நீங்கள் ஓர் அறையில், ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறீர்கள். கதவு திறக்கிறது. “அடுத்தவர்” என்று ஒரு குரல் கூப்பிடுகிறது. அது நீங்கள் இல்லை.’

அவ்வளவுதான் பக்கம். அடித்ததைத் திரையில் இன்னொரு முறை படித்தாள்.

“இது நல்லாருக்குங்க. எப்ப வரும்?”

“வரும்.”

“மொதப் பிரதி எனக்கு.”

அப்படி ஓர் ஆட்டம் கிடையாது என்பதை அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பொய் சொல்லவும் இல்லை. ‘வரும்’ என்பது ஒரு நம்பிக்கை.

பட்டியல் வெளியான கொஞ்ச நாளில் ஆறரை எழுதினார்: ‘அடுத்தவர் புதுமையான முயற்சி. இரண்டாம் பாதியில் சற்றுத் தொய்வு. ஆறரை.’ பேராசிரியர் நாலு பக்கம் எழுதினார். அடுத்தவர் என்றால் வரிசையில் அடுத்து வருகிறவர் என்றும் பொருள், நமக்கு வேற்று மனிதர் என்றும் பொருள்; இந்த ஆட்டம் அந்த இரண்டு பொருளுக்கும் நடுவில் ஒரு நாற்காலியைப் போட்டு நம்மை உட்கார வைத்துவிடுகிறதாம். நான் அவ்வளவு தூரம் யோசிக்கவில்லை, ஐயா. ஈறு வலித்துக்கொண்டிருந்தது.

அப்புறம் பொதுமக்கள் ஆரம்பித்தார்கள். ஆட்டத்தில் அழுதுவிட்டேன் என்றார் ஒருவர். கதவுக்கு அந்தப் பக்கம் போக ஒரு ரகசிய வழி இருக்கிறது, ஆனால் சொல்ல மாட்டேன் என்றார் இன்னொருவர். கடைக்காரர்கள் மச்சினனைத் துளைத்தார்கள்.

“அத்தான், ‘அடுத்தவர்’ நம்ம கிடங்குல எத்தனை இருக்கு?”

“ஒண்ணுகூட இல்ல.”

“அத்தனையும் தீந்துபோச்சா!”

அவனே ஒரு பதிலைக் கண்டுபிடித்துவிட்டபோது நான் ஏன் குறுக்கே பேச வேண்டும்? கையிருப்பு இல்லை என்று தெரிந்ததும் புகழ் இன்னும் ஏறியது. விமர்சகர் சங்கம் அந்த ஆண்டின் சிறந்த ஆட்டம் என்று அதற்கே விருது அறிவித்தது. மச்சினன் விழாவுக்குக் கோட்டு தைக்கக் கொடுத்தான். என் கருத்துக்கு அரங்கம் நிறையக் கைதட்டல் கிடைக்கப்போகிறது என்று நானும் ஒரு நல்ல சட்டையை இஸ்திரி போட்டு வைத்தேன். இல்லாத ஒன்றுக்கு மாலை போடப் படித்தவர்கள் வரிசையில் நிற்கிற காட்சி எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

இந்த நேரத்தில்தான் அந்தக் கேள்வி வந்தது.

ஆட்டக்காரர்கள் தங்களுக்குள் எழுதிக்கொள்ளும் இணையதளம் ஒன்று இருக்கிறது. அதில் ‘முடிச்சவள்’ என்ற பெயரில் யாரோ ஒருத்தி எழுதுவாளாம். எங்கள் ஆட்டங்கள் ஒவ்வொன்றையும் முடித்துவிட்டு எழுதுவதால் அந்தப் பெயர். ஆட்டத்துக்கு ஒரு மதிப்பெண், பின்னட்டை வாசகத்துக்குத் தனியாக ஒரு மதிப்பெண். வாசகத்துக்கு எப்போதும் நாலுதான் போடுவாள் என்று மச்சினன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவள் எழுதியிருந்தது இவ்வளவே: ‘இந்தக் கம்பெனியில் நான் முடிக்காதது அடுத்தவர் ஒன்றுதான். எங்கும் கிடைக்கவில்லை. ஆடியவர்கள் ஒன்று மட்டும் சொல்லுங்கள். நாற்காலி என்ன நிறம்?’

பட்டியலில் நிறம் இல்லை.

என் தொலைபேசி நாள் முழுக்க அடித்தது. முதலில் ஆறரை.

“சார், சும்மா ஒரு சந்தேகம். அந்த நாற்காலி…”

“நீங்க ஆடினீங்களே.”

“ஆடினேன் சார், ஆடாம எழுதுவேனா? கண்ணாடி மாத்தியிருந்த நேரம். கலர் சரியாப் பிடிபடல.”

“பச்சை,” என்றேன்.

அடுத்து பேராசிரியர். அவரிடம் நிறமே கிடையாது என்றேன். மறுநாள் ஆறரை பச்சை என்று எழுதினார், பேராசிரியர் நிறமின்மை என்று எழுதினார். அழுதவர் சிவப்பு என்றார். மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. பிறகு பேராசிரியர்தான் காப்பாற்றினார்: ஆடுகிறவரின் மனத்துக்கேற்ப நாற்காலியின் நிறம் மாறுகிறது, இதுவல்லவோ மேதைமை என்றார். எல்லோரும் மூச்சு விட்டார்கள். முடிச்சவள் மட்டும் ஒரு வரி எழுதினாள்: ‘அப்படின்னா யாரும் ஆடலை.’

கொஞ்சம் இருங்கள். டீ வந்திருக்கிறது, ஆறிவிடும்.

சரி. அன்று மத்தியானம் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு வீட்டுக்காரி எதிரில் உட்கார்ந்தாள்.

“ஏங்க, அந்த நாற்காலி என்ன கலருங்க?”

“எந்த நாற்காலி?”

“‘அடுத்தவர்’லதான். ஊரையே கேட்டுப் பாத்துட்டேன், ஒருத்தனும் ஒழுங்காச் சொல்லல. எழுதினவரு வீட்டுலயே இருக்காரே, கேட்டுடலாம்னு.”

வாயில் இருந்ததை விழுங்க எனக்குச் சற்று நேரம் பிடித்தது.

“முடிச்சவ நீதானா?”

“பின்ன யாரு? இத்தனை வருஷமா எழுதறேன், நீங்க ஒண்ணுகூடப் படிச்சதில்லையா?”

படித்ததில்லை. ஆனால் அது வேறு விஷயம். எனக்கு வேலை இருந்தது.

“நாலு போட்டது?”

“வேற என்ன போடச் சொல்றீங்க? ‘தங்கக் கோட்டை’ல தங்கமும் இல்ல, கோட்டையும் இல்ல. பந்து ஆட்டத்துப் பெட்டியிலயும் ‘உங்கள் விதி உங்கள் விரல் நுனியில்’னு எழுதியிருக்கீங்க, அதுல ஆடறதே காலால. ஒதைக்கிற ஆட்டங்க அது!”

நான் தண்ணீரை எடுத்துக் குடித்தேன். அவளே சொன்னாள்.

“ஆனா ‘அடுத்தவர்’ பக்கத்துக்கு ஒன்பது போடலாம்னு வச்சிருக்கேன். நெஜமா நல்லா எழுதியிருந்தீங்க. அடிக்கறப்பவே எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. ஆட்டம் கையில கிடைக்கட்டும், போட்டுடறேன். கிடைக்கலேன்னா விருது குடுக்கறப்ப எழுந்து நின்னு கேட்டுடுவேன். மேடையில இருக்கறவங்க சொல்லித்தானே ஆகணும்?”

“உன் தம்பி தலை குனிஞ்சு நிப்பான்.”

“கலர் தெரிஞ்சா ஏன் குனியணும்?” என்று தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஐயா, என் நிலைமையை நிதானமாக யோசித்துப் பாருங்கள். நூறு பொய்யர்களால் எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. அவர்கள் என் கட்சி. ஒரே ஒருத்தி, எடுத்ததை முடிக்கிறவள், படித்ததைப் படித்தேன் என்றும் பார்க்காததைப் பார்க்கவில்லை என்றும் சொல்கிறவள், அதுவும் என் வீட்டுப் பின்னறையிலேயே இருந்தால், நான் இத்தனை காலம் உலகத்தைப் பற்றி வைத்திருந்த கருத்து என்ன ஆவது? இந்த வயதில் போய் இன்னொரு கருத்தைத் தேட முடியுமா? ஒரு பக்கம் ஆள், ஒரு பக்கம் கருத்து. ஆளுக்கு எப்படியும் வயதாகிக்கொண்டிருந்தது. இதற்கும் அந்த நாலு என்ற எண்ணுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்பதைத் தெளிவாகப் பதிவு செய்துகொள்ளுங்கள். நாலைப் பற்றி நான் நினைக்கவே இல்லை. நாலு என்பது பத்தில் பாதிகூட இல்லை என்பது எனக்குத் தோன்றக்கூட இல்லை.

விழாவுக்கு முந்தின நாள், “கிடங்குல கடைசி மூலையில ‘அடுத்தவர்’ ஒரு பிரதி கிடக்காம்” என்றேன். முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. விசேஷத்துக்குப் போட்டுக்கொள்ளும் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தாள்.

அலுவலகத்துக்குப் பின்னால்தான் கிடங்கு. நீங்களும் பார்த்தீர்கள். கடைகளிலிருந்து திரும்பி வந்த ‘தங்கக் கோட்டை’ அட்டைப்பெட்டிகள் கூரைவரை நிற்கும். நடுவில் ஓர் ஆள் போகிற சந்து. அவள் முன்னால் போனாள். இந்தப் பக்கம் பெட்டியெல்லாம் ஏன் சாய்ந்து நிற்கிறது, தம்பியிடம் சொல்லி அடுக்கச் சொல்லுங்கள் என்று சொல்லிக்கொண்டே போனாள். அடிவரிசையில் ஒரு பெட்டி கொஞ்சம் துருத்திக்கொண்டு நின்றது. அதை நான் இழுத்தேன். அதிகம் பலம் தேவைப்படவில்லை.

பெட்டிகள் உடனே விழவில்லை. கொஞ்சம் யோசித்தன. பிறகு ஒவ்வொன்றாகச் சம்மதித்தன. ‘தங்கக் கோட்டை யார் மனத்தையும் அசைக்காது’ என்று முன்பு ஒருவர் எழுதியிருந்தார். அது தவறு என்று அன்று நிரூபணமானது.

தூசி அடங்கியதும் உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது. கத்தவில்லை.

“ஏங்க… அது என்ன கலருங்க?”

அந்த நேரத்தில் பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நான் அப்படிப்பட்டவன் அல்ல.

“அப்படி ஒரு ஆட்டமே இல்ல,” என்றேன்.

“அதான் நெனச்சேன்,” என்றாள்.

கதவைச் சாத்திவிட்டு, தெருமுனைக்குப் போய் ஒரு டீ குடித்தேன். சர்க்கரை குறைவாக இருந்தது.

நீங்கள் வந்தீர்கள், பார்த்தீர்கள், பெட்டிகளைச் சரியாக அடுக்கவில்லை என்று மச்சினனைக் கண்டித்துவிட்டுப் போனீர்கள். விழா தள்ளிப்போடப்பட்டு, பிறகு நடந்தது. மச்சினன் அழுதுகொண்டே விருதை வாங்கினான். ஆட்டத்தின் தாக்கம் என்று நினைத்து எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். யாரும் நிறத்தைக் கேட்கவில்லை. ஆறரை என் கையைப் பிடித்துக்கொண்டு, “தைரியமா இருங்க சார். அம்மா ரொம்ப… ரொம்ப நல்லவங்க” என்றார். நடுவில் அந்த மூன்று புள்ளி எனக்குக் கேட்டது.

என்னை யாராவது சந்தேகப்படுவார்கள் என்று காத்திருந்தேன். ஒருவரும் இல்லை. சரி, ஒரு வாய்ப்புக் கொடுத்துப் பார்க்கலாம் என்று இந்த ஆண்டுப் பட்டியலின் கடைசிப் பக்கத்தில் எல்லாவற்றையும் போட்டுவிட்டேன். ‘கிடங்கு. நீங்கள் ஒரு கிழவர். உங்கள் மனைவி ஒரு கேள்வி கேட்கிறாள். அடிவரிசையில் ஒரு பெட்டி துருத்திக்கொண்டிருக்கிறது. இழுங்கள்.’ தைரியமாக என் பெயரையும் அடியில் போட்டேன். ஆறரை எழுதினார்: ‘விறுவிறுப்பு உண்டு. கொலைக்கான காரணம் வலுவாக இல்லை. ஆறரை.’ பேராசிரியர், இங்கே மனைவி என்பது ஒரு குறியீடு என்றார். ஒருவர் அதை ஏற்கெனவே முடித்துவிட்டாராம். கடைசியில் கிழவரைப் பிடித்துவிடுகிறார்களாம்.

பிடிக்கவில்லை, ஐயா. அதனால்தான் நானே சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தப் பெட்டியை இழுத்தவன் நான். தெரிந்தே இழுத்தேன். என் வீட்டுக்காரியைக் கொன்றவன் நான், காரணம் வலுவானதுதான், வேண்டுமானால் இன்னொரு முறை முதலிலிருந்து படித்துப் பாருங்கள். என் வாழ்க்கையில் கடைசிவரை ஒன்றைப் படித்த ஒரே ஆளை நான் இழந்துவிட்டேன் என்று சிலர் அனுதாபப்படக்கூடும். தேவையில்லை. என் கருத்துக்கு இப்போது எதிர்ப்பே இல்லை. வீடு நிம்மதியாக இருக்கிறது.

இவ்வளவு நீளமான வாக்குமூலத்தில் ஓர் எழுத்துப்பிழைகூட இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். பல்செட் இன்னும் மேசைமேல்தான் இருக்கிறது. எனக்கு இன்றுவரை தட்டச்சு தெரியாது. நடுவில் எழுந்துபோய் டீயும் போட்டு வந்து, நான் சொல்லச் சொல்ல இதை முழுவதும் அடித்தவள் என் வீட்டுக்காரிதான், அடித்து முடித்துவிட்டு நாலரை போட்டிருக்கிறாள்.